வடக்கே குளிரில் லாரி மைலேஜ் ஏன் குறைகிறது, அதில் எவ்வளவை மீட்கலாம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து வண்டிகள் டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் லோடு ஏற்றிப் போனால் மைலேஜ் குறைந்துதான் திரும்பும். கோடையில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, ஜான்சி தாண்டியதும் 3.6, 3.5 என்று இறங்கும். உரிமையாளருக்கு டிரைவர் மேல் சந்தேகம் வரும், டிரைவருக்கு பங்க் மேல் சந்தேகம் வரும். அந்தப் பேச்சுக்குப் போகுமுன் குளிர் தன் பங்குக்கு எவ்வளவு டீசலை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். அதில் ஒரு பகுதியை யாராலும் தடுக்க முடியாது. இன்னொரு பகுதி டயர் காற்று, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு, ஆயில், நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் ஆகிய நான்கில் இருக்கிறது. அதைப் பெருமளவு மீட்கலாம்.

தடுக்க முடியாத பங்கு எவ்வளவு

சரக்கோடு சேர்த்து 40 டன் எடையுள்ள வண்டி சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. டயர் உருளுவதில் உள்ள எதிர்ப்பு மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முன்னால் இருக்கும் காற்றை விலக்கும் வேலை மீதி ஒரு பங்கு. வேகம் 80 ஆனால் காற்றின் பங்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், டயரின் பங்கு பெரிதாக மாறாது.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 9 சதவீதம் கூடும். அதை விலக்க வேண்டிய விசையும் அதே 9 சதவீதம் கூடும். காற்றின் பங்கு மூன்றில் ஒன்று என்பதால் மொத்த இழுவையில் இது 3 சதவீதம். வேகத்தைக் குறைப்பதைத் தவிர இதற்கு வழி இல்லை. தார்பாய் தொய்ந்து படபடத்தால், கேபினுக்கு மேலே லோடு துருத்திக்கொண்டு நின்றால், அந்த நட்டம் இந்த அடர்ந்த காற்றில் இன்னும் கூடும். ஆகவே குளிர்காலத்தில் தார்பாய்க் கயிற்றை இரண்டு இடத்தில் கூடுதலாக இழுத்துக் கட்டுவது மழைக்காக மட்டும் அல்ல.

டயர்தான் பெரிய கணக்கு. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி மறுபடி விரிகிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை விரியும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. குளிரில் ரப்பர் விறைப்பதால் அந்த மிச்சம் அதிகம். கனரக டயர்களைச் சோதிக்கும்போது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.6 சதவீதம் என்று திருத்தம் வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 25 டிகிரி இறங்கினால் 15 சதவீதம். டயரின் பங்கு மூன்றில் இரண்டு என்பதால் மொத்த இழுவையில் இது 10 சதவீதம். டயரில் காற்று சரியாக இருக்கும்போதே இந்த நட்டம் வரும் என்பதைக் கவனியுங்கள். காற்றும் குறைந்திருந்தால் அது தனி நட்டம்.

ஆக, நாள் முழுக்க 5 டிகிரியிலேயே ஓடும் வண்டிக்கு இழுவை மட்டுமே 13 சதவீதம் கூடுகிறது. நடைமுறையில் பஞ்சாப், ஹரியானாவில் மதிய நேரத்தில் 15 டிகிரிக்கு மேலும் ஏறும். ஆகவே அந்தப் பகுதியில் ஓடும் கிலோமீட்டருக்கு 8 முதல் 10 சதவீதம் என்று வைப்பது நியாயம். நாமக்கல்லிலிருந்து டெல்லி வரை சுமார் 2,400 கி.மீ.; அதில் கடுங்குளிர் கடைசி 600 கி.மீ. அளவுதான், அதற்கு முந்தைய லேசான குளிரின் பங்கு சிறியது. எனவே முழுப் பயணத்தின் சராசரியில் 3, 4 சதவீதம் குறைந்தால் அது இயற்கை. பனிமூட்டமும் காத்திருப்பும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். சராசரியே 10 சதவீதம் விழுந்தால் வண்டியில் எங்கோ கோளாறு இருக்கிறது, தேட வேண்டும்.

டயர் காற்று: எங்கே, எப்போது, எவ்வளவு

நாமக்கல்லில் பகல் 30 டிகிரியில் 110 பி.எஸ்.ஐ. அடித்துக் கிளம்பிய டயர், அம்பாலாவில் விடிகாலை 5 டிகிரியில் 100 தான் காட்டும். எங்கும் கசிவு இல்லை, வால்வும் சரி. காற்று குளிர்ந்து சுருங்கியதால் மட்டுமே இந்தப் 10 குறைகிறது. காஷ்மீரில் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி என்றால் 14 பி.எஸ்.ஐ. வரை போகும். நைட்ரஜன் அடித்தாலும் இதே அளவுதான் சுருங்கும். கசிவு மெதுவாக இருக்கும் என்பது நைட்ரஜனின் நன்மை. குளிரைத் தாங்குவது அல்ல.

எல்லா டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் டீசல் சுமார் 1 சதவீதம் கூடுதலாகப் போகும். ஜோடி டயரில் ஒன்று குறைந்து மற்றொன்று சரியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுமை முழுவதும் காற்று அதிகமுள்ள டயர் மேல் ஏறும், விட்டம் சிறுத்த டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும்.

செய்முறை இது. குளிர்ப் பகுதியில் முதல் இரவு தங்கியதும், காலையில் வண்டியை நகர்த்துமுன், கேஜ் வைத்து எல்லா டயரையும் பாருங்கள். உள் டயரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதில்தான் குறைந்திருக்கும். வண்டிக் கம்பெனியோ டயர் கம்பெனியோ அந்தச் சுமைக்குச் சொன்ன அளவு எதுவோ, அதற்கு நிரப்புங்கள். "குளிர்தானே" என்று 10 கூட்டி அடிக்க வேண்டாம். 50, 60 கி.மீ. ஓடிய பிறகு பார்த்தால் டயர் சூடாகி கேஜ் கூடக் காட்டும். அந்த அளவைப் பார்த்து நிரப்பவும் கூடாது, இறக்கவும் கூடாது. சுத்தியலால் தட்டிப் பார்ப்பது காற்றே இல்லாத டயரைக் காட்டிக்கொடுக்கும். 100க்கும் 110க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. 200 பி.எஸ்.ஐ. வரை அளக்கும் கைக் கேஜ் ஒன்று வண்டியில் இருக்கட்டும். பங்க் கேஜ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, ஒரே கேஜில் பார்ப்பதுதான் முக்கியம்.

திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாகும். பூஜ்ய டிகிரியில் 110 அடித்த டயர், ஓடாமல் நிற்கும்போதே 35 டிகிரியில் 126 காட்டும். ஓடினால் அதற்கும் மேல். நாக்பூர் பக்கம் வந்ததும் ஒரு காலையில், டயர் ஆறிய நிலையில் பார்த்து, சரியான அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வு

நம் பக்கம் வெயிலில் வண்டி சூடேறுகிறது என்றால் சில மெக்கானிக்குகள் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுவது. கோடையில் மேட்டில் ஏறும்போது அது நல்ல வைத்தியம் போலத் தெரியும். வால்வு இல்லாத அந்த இன்ஜின் டிசம்பரில் ஆக்ராவைத் தாண்டும்போது 55, 60 டிகிரியிலேயே ஓடும். 80க்கு மேல் ஏறவே ஏறாது. குளிர்கால மைலேஜ் நட்டத்தில் கையால் சரிசெய்யக்கூடியது எது என்று ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வோம்.

இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் என்ன ஆகிறது? சிலிண்டர் சுவர் குளிர்ச்சியாக இருப்பதால் எரிந்த வெப்பத்தில் அதிகப் பங்கு தண்ணீருக்குப் போகிறது, பிஸ்டனைத் தள்ளும் பங்கு குறைகிறது. சுவரில் படும் டீசல் முழுதாக எரியாமல் கீழே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் தடிமனாகவே இருப்பதால் பேரிங், பிஸ்டன் ரிங் எல்லாவற்றிலும் உராய்வு கூடுகிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு, குளிர் நேரத்து அளவிலேயே டீசலைக் கொடுக்கிறது. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் சைலன்சர் சூடும் போதாமல் போவதால் அடுத்த தொல்லை தொடங்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

சோதிப்பது எளிது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு நல்ல நிலையில் இருந்தால் மீட்டர் முள் 75, 80ஐ நெருங்கும் வரை ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், பிறகு சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. சாலையிலும் இதைப் பார்க்கலாம். சரிவில் இறங்கும்போது முள் 60க்கு விழுந்து, மேட்டில் ஏறும்போது 80க்கு வந்தால் வால்வு வேலை செய்யவில்லை.

கழற்றிப் பார்ப்பதானால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, வால்வை அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். வால்வின் மேலேயே டிகிரி முத்திரை இருக்கும். பல லாரி இன்ஜின்களில் அது 80 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். அதற்கு 10, 12 டிகிரி மேலே போகும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பாதி மூடி நிற்பதை மறுபடி மாட்டாதீர்கள். இன்ஜினில் இரண்டு வால்வு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வால்வு போட்டதும் கோடையில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேன் கிளட்சையோ பாருங்கள். குற்றம் வால்வின் மேல் இல்லை.

வால்வு சரியாக இருந்தும் முள் ஏறாவிட்டால்தான் ரேடியேட்டர் முன்னால் மறைப்பு. சாக்கைக் கட்டி முழுவதும் மூடுவது தவறு. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் இருக்கிறது. அதற்குக் காற்று போகாவிட்டால் டர்போவிலிருந்து வரும் காற்று சூடாகவே உள்ளே போய் இன்ஜின் சக்தி குறையும். கால் பங்காவது திறந்திருக்க வேண்டும், அந்தத் திறப்பு நடுவில் இருக்க வேண்டும். ஒரு ஓரத்தை மட்டும் திறந்துவைத்தால் ஃபேன் இறக்கைகளில் காற்று ஒரு பக்கமாக மோதி அதிர்வு வரும். ஃபேன் கிளட்சும் சூட்டைத் தவறாக உணரும். வெளியே 10 டிகிரிக்கு மேல் ஏறினால் மறைப்பை எடுத்துவிடுங்கள்.

பெரிய வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்

கார் கிளம்பி சில கிலோமீட்டரில் சூடாகிவிடும். லாரியில் இன்ஜின் இரும்பே முக்கால் டன்னை நெருங்கும். கூலன்ட் 30, 40 லிட்டர், இன்ஜின் ஆயில் 20 லிட்டருக்கு மேல். இவை அனைத்தையும் 5 டிகிரியிலிருந்து 85க்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் ஒரு லிட்டர் டீசலின் முழு வெப்பத்துக்குச் சமம். ஆனால் எரியும் டீசலின் வெப்பத்தில் கால் பங்கு அளவுதான் தண்ணீருக்கும் இரும்புக்கும் போய்ச் சேரும். ஆகவே மூன்று, நான்கு லிட்டர் எரிந்து முடியும் வரை இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. அதாவது முதல் 12, 15 கி.மீ. இன்ஜின் குளிரோடு போராடிக்கொண்டே ஓடுகிறது.

கியர் பாக்ஸும், பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலும் இன்னும் மெதுவானவை. அவற்றைச் சுற்றிச் சூடான தண்ணீர் ஓடுவதில்லை. தன் உராய்வால்தான் சூடாக வேண்டும், அந்த உராய்வுக்குச் செலவாவதும் உங்கள் டீசல்தான். வெளியே அடிக்கும் குளிர்காற்று ஹவுசிங்கை ஆற்றிக்கொண்டே வேறு இருக்கும். ஒரு மணி நேரம் ஓடியும் முழுச் சூட்டுக்கு வராத டிஃபரன்ஷியல் சாதாரணம். இதனால்தான் ஒரே மூச்சில் 400 கி.மீ. ஓடும் வண்டிக்கும், 40 கி.மீ.க்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்கும் குளிர்காலத்தில் மைலேஜ் இவ்வளவு வித்தியாசப்படுகிறது. நகருக்குள் நாலு இடத்தில் சரக்கு இறக்கும் பயணம் என்றால் மைலேஜ் குறைவதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆயில் தேர்வில் டிஃபரன்ஷியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் 85டபிள்யூ-140 என்ற தடித்த ரக கியர் ஆயிலை ஊற்றியிருப்பார்கள். 40 டிகிரியிலேயே அது 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலைப்போல மூன்று மடங்கு தடிமன். 5 டிகிரியில் இன்னும் பல மடங்கு. வண்டிக் கம்பெனியின் புத்தகம் அதைவிட மெல்லிய 80டபிள்யூ-90 ஊற்றலாம் என்று அனுமதித்தால், வடக்கே வாடிக்கையாக ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றும் தவணையில் அதற்கு மாறுங்கள். அனுமதி இல்லையென்றால் மாற வேண்டாம். கோடையில் ஓவர்லோடில் மேடு ஏறும்போது டிஃபரன்ஷியலின் பெரிய பல் சக்கரமான கிரவுனின் பல்லைக் காப்பது அந்தத் தடிமன்தான். அளவுக்கு மேல் ஊற்றினாலும் நட்டமே. லெவல் பிளக்கின் விளிம்பு வரைதான் ஆயில் நிற்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதைப் பல் சக்கரம் சும்மா கலக்கிக்கொண்டிருக்கும். இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 பஞ்சாப், டெல்லி குளிருக்குத் தாராளமாகப் போதும்.

காலையில் கிளம்பும் முறை

கூலிங் வாட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் இதில் எதுவும் பயன்படாது. காஷ்மீர் இரவில் தண்ணீர் உறைந்து விரிந்தால் இன்ஜின் பிளாக் வெடிக்கும். எதிலீன் கிளைகால் கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி தாண்டியும் தாங்கும். வழியில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் மட்டும் ஊற்றி ஊற்றி அந்த விகிதம் குறைந்திருக்கும். கிளம்புமுன் ஒர்க்‌ஷாப்பில் அந்த விகிதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வாட்டர் செபரேட்டரைத் திறந்து தண்ணீர் வடிக்கவும். ஏர் டேங்குகளையும் வடிக்கவும். ஹீட்டர் விளக்கு உள்ள வண்டியில் விளக்கு அணைந்த பிறகே சாவியைத் திருப்பவும். 10, 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் வந்து, பிரேக்குக்கு ஏர் ஏறும் வரை நின்றால் போதும். டீசல் இன்ஜின் சுமை இல்லாமல் ஓடும்போது மிகக் குறைவாகவே எரிக்கிறது, அதனால் சூடும் ஆகாது. அரை மணி நேரம் நிறுத்திச் சூடாக்கலாம் என்று நினைத்தால் முள் 50ஐத் தாண்டாமலேயே ஒரு லிட்டர் போயிருக்கும். ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் சரி. முதல் 5, 8 கி.மீ. கியரைக் கீழே வைத்து, 1,200க்கும் 1,400க்கும் இடையில் ஆர்.பி.எம்., ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல் வேண்டாம். முள் 70ஐத் தொட்டதும் வழக்கம்போல ஓட்டலாம்.

நகரத் தொடங்கி ஒரு கிலோமீட்டரில் வண்டி இழுக்காமல் கனமாகத் தெரிந்தால் இறங்கி ஹப்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் ஈரம் உறைந்து பிரேக் ஷூ விடாமல் பிடித்திருக்கிறது.

நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின்

பெரிய இன்ஜின் சும்மா ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர். ராத்திரி 8 மணி நேரம் கேபின் ஹீட்டருக்காக ஓடவிட்டால் 16 லிட்டர். சாலையில் 60 கி.மீ. போயிருக்க வேண்டிய டீசல். ஆனாலும் இதை டிரைவரின் குற்றமாகக் கணக்கெழுதுவது அநியாயம். 2 டிகிரியில் தகரக் கேபினுக்குள் தூங்க வேறு வழி கொடுக்காமல் "இன்ஜினை அணை" என்று போனில் சொல்வதில் அர்த்தமில்லை. ஆளுக்கு ஒரு கனமான ரஜாய், காது மூடும் தொப்பி, கேபின் கதவு ரப்பர் பீடிங் மாற்றுவது, தரையில் தடித்த மேட் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சில இரவுகளின் டீசலில் திரும்பிவிடும். அடிக்கடி காஷ்மீர் போகும் வண்டிக்கு டீசலில் தனியாக எரியும் சிறிய கேபின் ஹீட்டர் நல்லது. மணிக்குக் கால் லிட்டர் கூடக் குடிக்காது.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது. கரி அடுப்பையோ அங்கீட்டியையோ கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்கியவர் எழுந்திருப்பதில்லை. வண்டிக்குப் போகும் ஒவ்வொரு டிரைவரிடமும் கிளீனரிடமும் இதை வாயால் சொல்லி அனுப்புங்கள்.

பனிமூட்டத்திலும் டீசல் போகிறது. பானிபட், அம்பாலா, லூதியானா நெடுகிலும் ஜனவரிக் காலைகளில் வண்டிகள் நிற்பதும் நகர்வதுமாக இருக்கும். 40 டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 0.3 லிட்டர் தேவை. பத்து முறை நின்று கிளம்பினால் 3 லிட்டர். மூட்டம் கலையும் வரை தாபாவில் வண்டியை அணைத்து நிறுத்துவது டீசலுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. டெலிவரி நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே பேசிவையுங்கள்.

டீசல் உறைவதும் அதற்குச் செய்யும் தவறுகளும்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல டீசலில் உள்ள மெழுகும் குளிரில் திரளும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்கால டீசல் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் ஓட வேண்டும். மற்ற மாதங்களில் விற்பதற்கு 18 டிகிரி போதும். லடாக் குளிருக்கென்று இந்தியன் ஆயில் 2019இல் தனி டீசலைக் கொண்டுவந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது உறையாது. ஆகவே மலை ஏறுமுன் டேங்கில் பழைய டீசல் குறைவாக இருக்கும்படி திட்டமிட்டு, அந்தப் பகுதி பங்க்கில் நிரப்புங்கள். இரவு நிற்குமுன் டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும்.

காலையில் ஸ்டார்ட் ஆகி, சும்மா ஓடி, லோடில் நகரத் தொடங்கியதும் மூச்சு முட்டி நிற்கிறது என்றால் ஃபில்டரில் மெழுகு. துணியைச் சுடுதண்ணீரில் நனைத்து ஃபில்டர் மேல் சுற்றி வைத்தால் கரையும்; கையில் ஒரு புது ஃபில்டர் இருப்பது அதைவிட நல்லது. டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம், பி.எஸ். 6 வண்டியில் அதன் கந்தகம் சைலன்சரில் உள்ள கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும், வழவழப்புக் குறைவு பம்பையும் இன்ஜெக்டரையும் தேய்க்கும், சட்டப்படியும் குற்றம். மண்ணெண்ணெயில் லிட்டருக்கு உள்ள ஆற்றலும் டீசலைவிடக் குறைவு, மைலேஜ் இன்னும் விழும்.

பி.எஸ். 6 வண்டிக்குக் குளிரில் இன்னும் ஒரு செலவு உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் பாகங்கள் வேலை செய்யச் சைலன்சர் சூடாக இருக்க வேண்டும். சூடு போதாதபோது ஈ.சி.எம். கூடுதல் டீசலை எரித்துச் சூடாக்கும். மெதுவாக ஓடியும் சும்மா நின்றும் டி.பி.எஃப்.பில் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரி சீக்கிரம் நிறையும், அதை எரிக்கும் ரீஜெனரேஷன் அடிக்கடி வரும். ரீஜெனரேஷன் விளக்கு எரியும்போது வண்டியை அணைத்தால் அதுவரை எரித்த டீசல் வீண், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி அதை முடிக்கவிடுங்கள். புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் டெஃப் திரவம் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும், உறையும்போது விரியும். மலைப் பகுதியில் டெஃப் டேங்கை மூடி வரை நிரப்பாதீர்கள். உறைந்தால் வண்டியே கூலன்ட் சூட்டில் உருக்கிக்கொள்ளும். சுடுதண்ணீரோ வேறு எதுவோ ஊற்றக்கூடாது.

கணக்கு வைக்கும் முறை

மைலேஜைப் பயணம் முழுவதற்கும் ஒரே எண்ணாக எழுதினால் எதுவும் தெரியாது. குறைந்தது மூன்று துண்டாகப் பிரியுங்கள்: நாக்பூர் வரை, நாக்பூரிலிருந்து டெல்லி, டெல்லிக்கு மேலே. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் டேங்க் ஃபுல். ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர், லிட்டர், லோடு எடை, விடிகாலைக் குளிர், இன்ஜின் சும்மா ஓடிய மணி. கடைசி எண்ணைப் புதிய வண்டிகளில் டிஸ்பிளேயிலோ டெலிமேட்டிக்ஸ் ஆப்பிலோ பார்க்கலாம். சும்மா ஓடிய டீசலைக் கழித்துவிட்டு மைலேஜ் போட்டால்தான் டயரும் வால்வும் ஆயிலும் செய்வது தெரியும்.

ஜம்முவுக்கு மேலே போன பயணத்தை இந்தக் கணக்கோடு சேர்க்காதீர்கள். ஜம்மு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஸ்ரீநகர் 1,585 மீட்டரில் இருக்கிறது. 40 டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 38 லிட்டர் அளவுக்கு டீசல் வேண்டும், குளிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இறங்கும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கில் கரைந்துவிடும். அங்கே மைலேஜ் 2.5க்குப் போனதற்கு முதல் காரணம் மலை. உதம்பூரிலும் ராம்பனிலும் ஒருவழிப் போக்குவரத்துக்காக வரிசையில் காத்திருப்பது அடுத்தது. குளிர் மூன்றாவதுதான். மைலேஜ் பார்த்துப் பேட்டா கொடுக்கும் உரிமையாளர்கள் இந்தத் துண்டுக்குத் தனி அளவு வைத்தே ஆகவேண்டும். கோடையில் நாக்பூர் வரை வந்த மைலேஜை வைத்து ஜனவரியில் ஸ்ரீநகர் போன டிரைவரின் சம்பளத்தில் பிடிப்பது, அவர் எடுக்காத டீசலுக்கு அவரிடமே காசு வாங்குவதாகும்.

திரும்பி வந்த வண்டிக்குச் செய்ய வேண்டியவை: டயர் காற்றை வழியிலேயே இறக்கவில்லை என்றால் லோடு ஏற்றுமுன் இறக்குவது, ரேடியேட்டர் மறைப்பை எடுத்துவிட்டு இன்டர்கூலர் இடுக்கில் சிக்கிய சாக்கு நாரையும் தூசியையும் காற்றடித்து எடுப்பது, டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் மட்டம் பார்ப்பது. ஆயில் குறையாமல் கூடியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. தவணைக்குக் காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் வால்வை மறுபடி சோதியுங்கள். கூலன்டை மட்டும் மாற்ற வேண்டாம், அதே கலவை கோடைக்கும் பொருந்தும்.